உள்ளுடன் விசுக்கோத்து: ஒரு பலகாரத்தின் வயது

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையில் நடந்த பண்பாட்டுக் கண்காட்சியில் நான் எழுதி ஒட்டிய ஓர் அட்டையைத் திருத்துவதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பிழை என்னுடையது. மாணவிகள் நான் சொன்னதைத்தான் அழகான எழுத்தில் எழுதினார்கள். அட்டையில் இருந்தது இதுதான்: “கறுவா உள்ளுடன் விசுக்கோத்து. புத்தளம் முஸ்லிம்களின் எழுநூறு ஆண்டுப் பழைமையான பலகாரம். இப்னு பதூதா கண்ட கறுவாவிலிருந்து பிறந்தது.”

அந்த விசுக்கோத்து எங்கள் வீட்டில் நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு உம்மா சுடுவது. கடையில் வாங்கும் விசுக்கோத்தைப் போல் நொறுங்காது. கையில் எடுத்தால் மெத்தென்று இருக்கும். கடித்தால் உள்ளே தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் கறுவாத்தூளும் சேர்ந்த ஈரமான உள்ளுடன். ஓரத்தைச் சுற்றி விரல் நுனியால் நுள்ளி நுள்ளி வைத்த பற்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அது எங்கள் வீட்டில் இருந்தது போலத்தான் மனதில் பதிந்திருந்தது. உம்மாவுக்கு அவரது உம்மா சொல்லிக்கொடுத்திருப்பார், அவருக்கு அவரது உம்மா. இப்படிப் போனால் இப்னு பதூதா வரை போய்விடலாம் என்பது என் கணக்கு.

கண்காட்சிக்குப் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாமி வந்தார். 1990இல் மன்னாரில் இருந்து வெளியேற்றப்பட்டு வந்து, எங்கள் வளவின் பின்பக்கத்தில் சில மாதங்கள் ஓலைக்கொட்டில் போட்டு இருந்தவர். பிறகு வேறு கிராமத்தில் காணி வாங்கிக் குடியேறிவிட்டார். அட்டையைப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டியது. மாமி ஒரு விசுக்கோத்தை எடுத்து, ஓரத்துப் பற்களைத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

“டீச்சர் மகள், இது எழுநூறு வருசமில்ல. நான் உங்கட உம்மாக்குக் காட்டிக் குடுத்தது. நீங்க அப்ப பத்து வயசுப் பிள்ளை.”

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. உம்மா மௌத்தாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கேட்கவும் ஆளில்லை. அன்று இரவு அந்த அட்டையை மேசையில் வைத்துக்கொண்டு, அதில் எது உண்மை, எது என் ஆசை என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

கரையில் கிடந்த கறுவா

முதலில் உண்மையான பகுதி. இப்னு பதூதா 1344இல் மாலைதீவில் இருந்து மஃபர் கரைக்குப் போகப் புறப்பட்டு, காற்றின் திசை மாறியதால் இலங்கைக் கரையை அடைந்தார். அவர் இறங்கிய ஊரை ‘பத்தாலா’ என்று குறிப்பிடுகிறார். அது புத்தளம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அங்கே அவரை வரவேற்ற மன்னன் ஆரியச் சக்கரவர்த்தி. அவனுக்குப் பாரசீக மொழி விளங்கியது என்றும், முத்துக்களைக் காட்டினான் என்றும், பாவா ஆதம் மலைக்குப் போவதற்குப் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்தான் என்றும் அவர் சொல்கிறார். 1355இல் மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் எழுதி முடிக்கப்பட்ட அவரது பயண நூலில் எமது கரையைப் பற்றிய ஒரு குறிப்பு உண்டு. வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட கறுவாக் கட்டைகள் கரை நெடுகிலும் மேடு மேடாகக் கிடந்தன. மஃபர், மலபார்க் கரைக்காரர்கள் அதை விலை கொடுக்காமல் ஏற்றிச் சென்றார்கள். பதிலுக்கு மன்னனுக்குத் துணி முதலிய அன்பளிப்புகள் கொடுத்தார்கள்.

இதை வகுப்பில் சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கட்டாயம் கேட்கும்: “புத்தளத்தில் கறுவா எங்க டீச்சர் முளைக்குது?” நியாயமான கேள்வி. எங்கள் மண் உலர் வலயம். உப்பளத்துக்கும் தென்னைக்கும் பனைக்கும் ஏற்ற மண். கறுவா ஈர வலயத்தின் மரம். ஆனால் இப்னு பதூதாவே மரம் இங்கே வளர்ந்தது என்று சொல்லவில்லை, வெள்ளம் கொண்டுவந்தது என்றுதான் சொல்கிறார். மலைநாட்டில் பிறக்கும் தெதுறு ஓயா சிலாபத்துக்கு வடக்கே கடலில் விழுகிறது. மீ ஓயாவும் கலா ஓயாவும் புத்தளம் களப்பில் வந்து சேர்கின்றன. காட்டுக் கறுவா விளைந்த நிலத்தின் வட எல்லையாகப் பிற்காலத்தவர் சிலாபத்தைத்தான் சொன்னார்கள். ஆக, எமது கரை கறுவா விளைந்த இடமன்று. கறுவா கைமாறிய இடம். இந்த வேறுபாடு முக்கியமானது. விளைந்த இடத்தின் சமையலில் ஒரு பொருள் இருந்தே தீரும். கைமாறிய இடத்தில் அது கப்பலேறிப் போய்விடலாம்.

எங்கே போனது என்பதற்கும் சான்று உண்டு. இப்னு பதூதாவுக்கு அறுபத்தொரு ஆண்டுகள் முந்தி, 1283இல், யாப்பகுவவில் இருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் ஒரு தூதுக்குழுவை அனுப்பினான். தன் நாட்டில் கிடைக்கும் பொருட்களாக அவன் சொன்னவற்றில் முத்து, மாணிக்கம், யானை, துணி ஆகியவற்றோடு கறுவாவும் இருந்தது. யாப்பகுவ எங்கள் ஊரில் இருந்து தூரமில்லை. பக்கத்து மாவட்டம்தான்.

கெய்ரோவின் பெருநாள் பலகாரம்

இரண்டாவது பகுதி, உள்ளே இனிப்பு வைத்துச் சுடும் பலகாரம். இங்கேதான் நான் வழுக்கி விழுந்தேன். காரணம், அப்படி ஒரு பலகாரம் அறபுலகில் உண்மையிலேயே இருந்தது. முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்-பக்தாதி 1226இல் எழுதிய ‘கிதாபுத் தபீஹ்’ என்ற சமையல் நூலில் ‘குஷ்கனானஜ்’ என்று ஒன்று வருகிறது. நல்ல மாவில் எள்ளெண்ணெய் விட்டுப் பிசைந்து, பொங்க விட்டு, நீள வடிவில் தட்டி, நடுவில் அரைத்த வாதுமையும் சீனியும் பன்னீரும் சேர்ந்த உள்ளுடனை வைத்து மூடிச் சுடுவது. பாரசீகச் சொல்லுக்கு ‘உலர் ரொட்டி’ என்று பொருள். அதற்கும் முந்தி, ஃபாத்திமிய்யக் கலீஃபா அல்-அஸீஸ் (ஆட்சிக்காலம் 975–996) கெய்ரோவில் ‘தாருல் ஃபித்ரா’ என்று ஒரு கூடத்தையே அமைத்தார். நோன்புப் பெருநாளுக்குப் பங்கிடும் பலகாரங்களைச் செய்வதுதான் அதன் வேலை. இன்றும் எகிப்தில் பெருநாளுக்கு ‘கஹ்க்’, ஈராக்கில் ‘குலைச்சா’, சிரியாவிலும் லெபனானிலும் ‘மஃமூல்’ என்று உள்ளுடன் வைத்த பலகாரங்களைச் சுடுகிறார்கள்.

என் மனம் இப்படிக் கணக்குப் போட்டது: கறுவா இங்கிருந்து கெய்ரோவுக்குப் போனது, கெய்ரோவில் உள்ளுடன் பலகாரம் இருந்தது, அறபு வணிகர் இங்கே வந்தார்கள், எங்கள் வீட்டிலும் உள்ளுடன் பலகாரம் இருக்கிறது. ஆகவே அது அவர்கள் கொண்டுவந்தது. நான்கில் முதல் மூன்றும் உண்மை. நான்காவதும் உண்மை. “ஆகவே” என்ற சொல்தான் பொய்.

அறபிகள் கறுவாவுக்கு வைத்த பெயரே நான் யோசித்திருக்க வேண்டிய பாடம். ‘கிர்ஃபா’ என்பதோடு ‘தார்ஸீனி’ என்றும் சொன்னார்கள். பாரசீகத்தின் ‘தார்ச்சீனி’யில் இருந்து வந்தது அது. பொருள் ‘சீன மரம்’. எங்கள் கரையில் ஏற்றிப்போன பட்டைக்கும் அந்தப் பெயர்தான். ஒரு பெயர் ஓர் ஊரைச் சுட்டுகிறது என்பதற்காக அந்தப் பொருள் அங்கே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

சொற்கள் சொன்னவை

மூன்றாவது, சொற்கள். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்தவள் நான் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் இது. ‘விசுக்கோத்து’ போர்த்துக்கேயரின் ‘பிஸ்கோய்த்து’. ‘பாண்’ அவர்களுடைய ரொட்டியின் பெயர். பாண் சுடும் ‘போறணை’ அவர்களுடைய ‘ஃபோர்னு’. பொரிக்கும் ‘தாச்சி’யும் அவர்களுடையதுதான். எங்கள் முன்னோர் 16ஆம் நூற்றாண்டுக்கு முன்னரே விசுக்கோத்துச் சுட்டிருந்தால், அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லோ அறபுச் சொல்லோ நாவில் தங்கியிருக்க வேண்டும். சுடுகிற அடுப்புக்கும் சுட்ட பண்டத்துக்கும் சேர்த்து இரவல் பெயர் என்றால், தொழிலும் பிந்தித்தான் வந்திருக்கிறது. எங்களுடைய பழைய பலகாரங்களைப் பாருங்கள்: அவிப்பது, பொரிப்பது, கல்லில் வார்ப்பது. வட்டலப்பம் கூட ஆவியில் வேகுவது.

போர்த்துக்கேயரின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கறுவா வணிகத்தில் இருந்து முஸ்லிம்களை அப்புறப்படுத்துவது அவர்களுடைய நீண்ட நாள் நோக்கமாக இருந்தது. 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி மன்னன் செனரத் அவர்களில் ஏறத்தாழ நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது வரலாறு. பின்னால் வந்த ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கோட்டை இன்றும் கற்பிட்டியில் நிற்கிறது. புத்தளம் களப்பின் வழியாகக் கண்டி இராச்சியத்துக்குப் போய்வந்த வணிகத்தைக் கட்டுப்படுத்துவதற்கு அது வாய்ப்பான இடம். எழுநூறு ஆண்டு வரலாற்றில் எமக்கும் கறுவாவுக்கும் இருந்த உறவு பலகாரத் தட்டில் இருந்ததை விடக் கப்பலிலும் கோட்டைக் கணக்கிலும்தான் கூடுதலாக இருந்தது.

ஒல்லாந்தர் ஒரு சொல்லையும் விட்டுப்போனார்கள். சிறிய கேக்கை அவர்கள் ‘கூக்யே’ என்பார்கள். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள அயலவர் எங்களுக்கு அனுப்பும் தட்டில் இருக்கும் ‘கொக்கிஸ்’ அதில் இருந்து வந்தது. அதே ஒல்லாந்துச் சொல் அமெரிக்காவில் ஆங்கிலத்துக்குள் புகுந்து ‘குக்கீ’ ஆனது. என் மகள் இந்த விசுக்கோத்தைக் ‘குக்கீஸ்’ என்கிறாள். இது வெள்ளைக்காரன் பெயர் என்று வீட்டில் ஒரு பெரியவர் கோபப்பட்டார். விசுக்கோத்து மட்டும் யாருடைய பெயர் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆனால் இத்தனை சொற்களையும் ஆராய்ந்த நான், என் அட்டையிலேயே கிடந்த ஒரு சொல்லைக் கவனிக்கவில்லை: ‘உள்ளுடன்’. கொழுக்கட்டைக்குள் வைக்கும் இனிப்பை வடக்கில் அப்படிச் சொல்வார்கள். என் உம்மம்மா வீட்டில் அந்தச் சொல் கிடையாது. “உள்ளுக்கு வைக்கிறது” என்பார் அவர், அவ்வளவுதான். எங்கள் குசினிக்குள் ‘உள்ளுடன்’ எப்போது வந்தது? மாமியோடு வந்தது. சான்று என் நாவிலேயே இருந்திருக்கிறது.

1990

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மொத்தம் ஏறத்தாழ எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிடப்படுகிறது. மன்னார்த் தீவில் இருந்தவர்கள் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். பெரும்பான்மையோருக்குப் புகலிடமானது புத்தளம் மாவட்டம்தான்.

மாமியைத் தேடிப் போய் இரண்டு தடவை உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதை அவருடைய பேச்சிலேயே தருகிறேன்.

“மன்னாருல நாங்க பெருநாளைக்குக் கொழுக்கட்டை அவிப்பம். அரிசி மா, தேங்காப்பூ, பனங்கட்டி, பயறு, ஏலக்காய். இங்க வந்த முதல் நோன்புப் பெருநாளைக்கு என்ன இருந்திச்சு? நிவாரணத்துல தந்த கோதும்ப மா. அரிசி சோத்துக்கே காணாது. இடிச்சு மாவாக்க மனசு வருமா? உங்கட உம்மா தேங்காயும் பனங்கட்டியும் தந்தாங்க. ஏலக்காய் விலை. ‘கறுவா இரிக்கி, அதப் போடுங்க’ எண்டாங்க. கோதும்ப மாவ அவிச்சாப் பசை மாதிரி வருது. சரி, சுட்டுப் பாப்பம் எண்டு உங்கட வாப்பாட பழைய சட்டியில மணலப் போட்டுச் சுட்டம். முதல் தரம் கரிஞ்சு போச்சு. மூணாந்தரம் வந்திச்சு.”

ஓரத்தில் உள்ள பற்கள்? “அது என்ட உம்மா கொழுக்கட்டைக்கு நுள்ளுற நுள்ளு, மகள்.”

ஆக, எழுநூறு ஆண்டு என்று நான் எழுதியது 1991ஆம் ஆண்டின் நோன்புப் பெருநாள். வடக்கின் கொழுக்கட்டை உள்ளுடன், நிவாரண மா, எங்கள் வீட்டுத் தேங்காய், சிலாபச் சந்தையில் வாங்கிய கறுவா. சுட்ட பிறகு அதைப் பார்த்து ‘விசுக்கோத்து’ என்று பெயர் வைத்தவர் உம்மாவாம்.

மாமியின் பெயர் எங்கள் வீட்டில் ஏன் அந்தப் பலகாரத்தோடு சேர்ந்து நிற்கவில்லை என்பதை நான் நேர்மையாக யோசித்தேன். உம்மா மறைத்தார் என்று நினைக்கவில்லை. அவர் எதற்கும் உரிமை கொண்டாடியவர் அல்லர். பிழை எங்கள் பக்கத்துப் பொதுப் பழக்கத்தில் இருக்கிறது. வந்தவர்களை ஆரம்பத்தில் அன்போடு அணைத்தோம். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் வீடுகளும் திறந்தன. அது பொய்யல்ல. ஆண்டுகள் போகப் போகத் தண்ணீருக்கும் காணிக்கும் தொழிலுக்கும் நெருக்கடி வந்தது. வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு ‘அகதிப் பிள்ளைகள்’ என்று பெயர். நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். கொடுத்தவர்கள் நாங்கள், வாங்கியவர்கள் அவர்கள் என்ற எண்ணம் ஊறிப்போன இடத்தில், அவர்களிடம் இருந்து நாங்கள் வாங்கிய ஒன்று நினைவில் தங்க இடமிருக்கவில்லை. அதை நான் ஆறு நூற்றாண்டுக்கு மேல் பின்னால் கொண்டுபோய் ஒரு பயணியின் கணக்கில் எழுதிவிட்டேன்.

செய்முறை

ஆவணப்படுத்துவதற்காக இரண்டு முறைகளையும் எழுதி வைக்கிறேன். மாமியின் முதல் முறை: நாலு சுண்டு கோதுமை மா, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் அப்பச்சோடா, தேங்காயெண்ணெய் அரைச் சுண்டு, சீனி கரைத்த முதற்பால் பிசையத் தேவையான அளவு. முட்டையும் இல்லை, மாஜரினும் இல்லை. உம்மா பின்னர் மாற்றியது: 500 கிராம் மாவுக்கு 225 கிராம் மாஜரின், 125 கிராம் சீனி, இரண்டு முட்டை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர்.

உள்ளுடனுக்கு ஒரு பெரிய தேங்காய், 250 கிராம் பனங்கட்டி, இரண்டு தேக்கரண்டி கறுவாத்தூள். பனங்கட்டியைக் கரைத்து வடித்துக் காய்ச்சி, தேங்காய்ப்பூவைப் போட்டு, தண்ணீர் வற்றி ஒன்றாகத் திரளும் வரை கிளற வேண்டும். தண்ணீர் நின்றால் சுடும்போது வெடித்து வழியும். மிகவும் வற்றினால் விசுக்கோத்தின் மென்மை போய்விடும். கறுவாத்தூளை இறக்கிய பிறகுதான் சேர்க்க வேண்டும். அதன் வாசனைக்குக் காரணமான சின்னமல்டிஹைட் ஆவியாகிப் போகக் கூடியது. கடையில் தூளாக வாங்காமல் சுருளாக வாங்கி இடிப்பது நல்லது. எங்கள் நாட்டுக் கறுவா மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுக்கலாம். தடித்த ஒற்றைச் சுருளாக, மரம் போலக் கடினமாக இருப்பது கசியா. கூமரின் என்ற பொருள் அதில் அதிகம். ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் புவிசார் குறியீடு கொடுத்ததும் இந்த வேறுபாட்டைக் காப்பதற்காகத்தான்.

மாவைச் சிறு உருண்டையாக்கி, உள்ளங்கையில் தட்டி, உள்ளுடன் வைத்து மடித்து, ஓரத்தை நுள்ளி மூட வேண்டும். சட்டியில் இரண்டு விரற்கிடை மணல், அதன்மேல் தகரத்தட்டு, மூடியின் மேல் சிரட்டைக்கரி. மேலேயும் கீழேயும் நெருப்பு. ஓரம் பொன்னிறமானவுடன் எடுத்துவிட வேண்டும். அப்போது நடு இன்னும் வேகாதது போல மெதுவாக இருக்கும். பயந்து விட்டுவைத்தால் கடை விசுக்கோத்துத்தான் கிடைக்கும். ஆற ஆற அது தானாக இறுகும்.

ஏன் திருத்த வேண்டும்?

“இதுல என்ன டீச்சர், பெருமையாத்தானே எழுதினீங்க, அப்படியே விடுங்க” என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களின் மனம் எனக்கு விளங்குகிறது. நீங்கள் எப்போது வந்தவர்கள் என்று அடிக்கடி கேட்கப்படும் சமூகம் நாம். கேள்வி வரும்போதெல்லாம் மிக நீளமான பதிலைத் தேடி எடுப்பது எமக்குப் பழகிவிட்டது. ஆனால் 1344இன் சான்றும் 1283இன் சான்றும் தம் காலில் நிற்கக் கூடியவை. அவற்றுக்கு என் விசுக்கோத்து முட்டுக்கொடுக்கத் தேவையில்லை. மாறாக, இட்டுக்கட்டிய ஒன்றை உண்மையோடு சேர்த்து வைத்தால், நாளை ஒருவர் பொய்யைக் கண்டுபிடிக்கும்போது உண்மையும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. இப்னு பதூதாவை எழுதி வைக்க ஆள் இருந்தது. கலாவூனுக்குப் போன தூதை எழுதி வைக்க ஆள் இருந்தது. 1990இல் வந்தவர்களின் முதல் பெருநாளை யார் எழுதி வைத்தார்கள்? வெளியேற்றத்தைப் பற்றி அறிக்கைகள் உண்டு, எண்ணிக்கைகள் உண்டு. அந்தப் பெருநாள் இரவில் இரண்டு பெண்கள் ஒரு சட்டியின் முன்னால் குந்தியிருந்து மூன்று தரம் சுட்டுப் பார்த்தது எந்த அறிக்கையிலும் வராது. அதற்கு இருக்கும் ஒரே ஆவணம் அந்த விசுக்கோத்து. அதன் தேதியை மாற்றியதன் மூலம் நான் அந்த ஆவணத்தை அழித்திருக்கிறேன்.

இதை வாசிப்பவர்கள், குறிப்பாக எமது மாவட்டத்து ஆசிரியர்கள், தங்கள் வீட்டுப் பலகாரத்தில் ஒன்றை எடுத்து, அதை யார் யாருக்கு எப்போது காட்டிக்கொடுத்தார் என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். 1990இல் முப்பது, நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். காலம் அதிகமில்லை.

புதிய அட்டைக்கு என்ன எழுதலாம் என்று மாமியிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வருசத்தப் போடுங்க மகள். ஆனா தொண்ணூறு எண்டு போட்டா, ஏன் வந்தம் எண்டும் எழுதோணும். உங்கட உம்மாதான் கறுவா போடச் சொன்னாங்க. அதையும் எழுதுங்க.”

அட்டை இப்போது இப்படி இருக்கிறது: “உள்ளுடன் விசுக்கோத்து. 1990இல் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்டு எமது கரைக்கு வந்த மன்னார்ப் பெண் ஒருவரும், அவருக்கு இடம் கொடுத்த புத்தளம் பெண் ஒருவரும் 1991 நோன்புப் பெருநாளுக்குச் சேர்ந்து செய்தது.”